செயற்றிட்டம் முடிந்த பின் சபையிடம் என்ன மிஞ்சும்?

வாசகர் கேள்வி – பதில்

2025 மே 6 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலுக்குப் பின்னர் அமைந்த உள்ளூராட்சி மன்றங்கள் பற்றி மலையக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பல ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன. பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டு உதவி அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் பிரதேச சபைகளோடு சேர்ந்து நடத்தும் ஆய்வுகள், பயிற்சிகள், கூட்டுச் செயற்றிட்டங்கள் ஆகியவற்றால் தோட்டத்து மக்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதே அந்த விடயம். அவற்றுள் சிலவற்றுக்கு இம்மாதம் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு ஆண்டுதோறும் யாராவது படிவங்களோடு வருகிறார்கள். வீட்டில் எத்தனை பேர், மலசலகூடம் எத்தனை, பீலியில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். பிரதேச சபைக்கு உதவும் ஆய்வு என்கிறார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. உண்மையில் இவற்றால் சபைக்குப் பயன் உண்டா?
– ஆசிரியை ஒருவர், பூண்டுலோயா

பதில்: உங்கள் சலிப்பு நியாயமானது. ஆயினும் ஆய்வே வேண்டாம் என்ற முடிவுக்கு அந்தச் சலிப்பு நம்மைக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வீதி, வடிகால், குப்பை, குடிநீர், மயானம், சந்தை, நூலகம், கட்டட அனுமதி என்று மக்களின் அன்றாடத்தைத் தொடும் காரியங்கள் அனைத்தும் பிரதேச சபையின் பொறுப்பில் இருக்கின்றன. இவற்றைத் திட்டமிடுவதற்கு, எந்த இடத்தில் எத்தனை குடும்பங்கள் எந்த நிலையில் வாழ்கின்றன என்ற விபரம் கையில் இருக்க வேண்டும். அந்த விபரத்தைத் திரட்டுவதற்கென்று சபையில் தனிப் பிரிவு எதுவும் இல்லை. இருக்கின்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கு மதிப்பீடுகளைத் தயாரிக்கவும் வேலைத்தளங்களைப் பார்வையிடவுமே நேரம் போதாது. தோட்டப் பகுதிகளில் இந்தக் குறை இன்னும் பெரிது. சபையின் பதிவேட்டில் இருப்பவை பெரும்பாலும் வரி செலுத்தும் கட்டடங்கள். தோட்டத் தொழிலாளர்கள் வாழும் வரிசை வீடுகளான லய அறைகளுக்குத் தனித்தனியே ஆதனவரி அறவிடப்படாததால், அங்கு வாழும் குடும்பங்கள் அந்தப் பதிவேட்டுக்குள் வருவதே இல்லை. அவர்களைப் பற்றிய விபரங்கள் தோட்டக் காரியாலயத்திலோ பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்திலோ பிரதேச செயலகத்திலோ சிதறிக் கிடக்கின்றன. ஆகவே வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் ஒருவர் இந்த இடைவெளியை நிரப்ப முடியும், நிரப்பவும் வேண்டும்.

ஆனால் ஆய்வு செய்யப்பட்டுவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு மலையகம் மறக்கக் கூடாத ஒரு சான்று உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் அபாயமானது என்றும் அங்குள்ளவர்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்றும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. அதாவது, விஞ்ஞானம் தன் கடமையைச் செய்திருந்தது. மாற்றுக் காணி எங்கே, செலவு யாருடையது, தோட்ட நிர்வாகமும் பிரதேச செயலகமும் உள்ளூராட்சி மன்றமும் எந்தத் திகதிக்குள் எதைச் செய்து முடிப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு மட்டும் ஒருவர் கையிலும் வந்து சேரவில்லை. ஓர் ஆய்வின் தரத்தை அதன் கடைசிப் பக்கத்தில் அல்ல, அதைப் பொறுப்பேற்கும் கையில்தான் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

அடுத்த முறை படிவத்தோடு வருபவரிடம், இந்த விபரம் வேண்டுமென்று எந்தச் சபை கேட்டது, முடிவு எந்த மாதத்தில் தமிழில் எங்கள் தோட்டத்துக்கும் சபைக்கும் தரப்படும், யார் பொறுப்பு என்று கேளுங்கள். அவர் பதில் சொல்ல வேண்டியவர். நீங்கள் கேட்க உரிமையுள்ளவர். திருப்தியான பதில் இல்லையென்றால் படிவத்தை நிரப்ப மறுப்பதில் எந்தத் தவறும் இல்லை.

கேள்வி: நான் முதன்முறையாகப் பிரதேச சபைக்குத் தெரிவானவன். சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவிட முடியாது என்று மூத்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். முடியும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எது சரி? தோட்டக் கம்பனியோடு பங்காளித்துவம் என்று பேசப்படுவதை எப்படிப் புரிந்துகொள்வது?
– பிரதேச சபை உறுப்பினர் ஒருவர், மஸ்கெலியா

பதில்: முடியும் என்பதே இன்றைய சட்ட நிலை. முடியாது என்று மூத்தவர்கள் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது, ஏனெனில் அவர்கள் நெடுங்காலம் அந்தத் தடையோடுதான் வேலை செய்தார்கள்.

1937 இல் கிராமசபைகள் தொடர்பான சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளருக்கு அச்சபைகளில் வாக்குரிமை மறுக்கப்பட்டது. 1948 இல் பிரஜாவுரிமையே பறிபோனது. பின்னர் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தபோது, நிர்வாகத்திலும் அபிவிருத்தியிலும் தீர்மானம் எடுப்பதில் மக்கள் பங்குபற்ற வாய்ப்பளிப்பதே சபைகளின் நோக்கம் என்று அதன் முகவுரை கூறியது. ஆனால் அதே சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடுவதற்குத் தடையாக விளங்கிக்கொள்ளப்பட்டது. தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள், அவர்களிலிருந்து உறுப்பினர்களும் தவிசாளர்களும் வந்தார்கள். அவர்கள் தலைமை தாங்கிய சபையாலேயே அவர்கள் பிறந்த லயத்தின் படிக்கட்டைத் திருத்திக் கொடுக்க முடியாதிருந்தது. மலையக அமைப்புகளும் ஆய்வாளர்களும் பிரதிநிதிகளும் பல ஆண்டுகள் இதை எழுதியும் பேசியும் வந்ததன் விளைவாகவே 2018 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. உள்ளூராட்சிக்குத் துணைநிற்கும் ஆய்வு என்பதற்கு நம்முடைய வரலாற்றிலேயே இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே, சட்டத்தில் இடமில்லை என்று எவரேனும் இன்று சொன்னால், அந்தத் திருத்தச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

சட்டத் தடை நீங்கியது. காணித் தடை நீங்கவில்லை. 1970களின் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போய், நீண்டகாலக் குத்தகையில் அவற்றிடமே இருக்கின்றன. தோட்ட வீதி சபையின் வீதி அல்ல. லயத்துக்குப் போகும் பாதையில் சபை கொங்கிறீட் போட வேண்டுமானால் தோட்ட நிர்வாகத்தின் உடன்பாடு வேண்டும். பங்காளித்துவம் என்ற பெரிய பேச்சு நடைமுறையில் இறங்கிவரும் இடம் இதுதான்.

ஓர் உதாரணத்தைக் கிட்ட நின்று பார்ப்போம். தொழிற்சாலைச் சந்தியிலிருந்து மேல் டிவிஷன் லயம் வரை வீதி போடச் சபை தீர்மானிக்கிறது. தோட்ட முகாமையாளரான துரை வாய்மொழியாகச் சரி என்கிறார். ஒப்பந்தகாரர் வந்து கொங்கிறீட் போடுகிறார். மதிப்பீட்டில் பக்கக் கான் (வடிகால்) சேர்க்கப்படவில்லை. மழைக்காலம் தொடங்கியதும் தேயிலை மலையிலிருந்து இறங்கும் நீர் கான் இல்லாததால் வீதியின் ஓரத்தை அரிக்கிறது, கொழுந்து லொறியின் பாரம் அந்த ஓரத்தில் ஏறுகிறது, கொங்கிறீட் தட்டு வெடிக்கிறது. இப்போது திருத்துவது யார்? வீதி எங்களுடையதல்ல என்று சபை சொல்லும்; நாங்கள் போடவில்லை என்று தோட்டம் சொல்லும். இருவர் சொல்வதும் உண்மை. வேலை தொடங்குமுன் ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை எழுதப்பட்டிருந்தால் இந்த நிலை வந்திராது. வீதி எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, அகலம் எவ்வளவு, கானை வெட்டுவதும் துப்புரவு செய்வதும் யார், எவ்வளவு பாரமுள்ள வாகனம் ஓடலாம், வீதி சபையிடம் உரிய முறையில் கையளிக்கப்படுமா என்பவை அதில் இருக்க வேண்டும். தோட்ட முகாமையாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆகையால் கையெழுத்து முகாமையாளருடையதாக மட்டுமன்றிக் கம்பனியினுடையதாகவும் இருப்பது அவசியம். உடன்படிக்கையைச் சபைக் கூட்டத்தில் சமர்ப்பித்துக் கூட்டறிக்கையில் பதியச் செய்யுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். உங்கள் மஸ்கெலியா சபையும் நோர்வூட், கொட்டகலை, அக்கரபத்தனை சபைகளும் 2018 தேர்தலோடு இயங்கத் தொடங்கிய புதிய சபைகள். அதற்கு முன் அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரு பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைச் சுமந்துகொண்டிருந்தன. பிரித்தது சரியான காரியம். ஆனால் எல்லை பிரிந்த வேகத்தில் இயந்திரங்களோ ஆளணியோ வருமானமோ பிரிந்து வருவதில்லை. அதனாலேயே உங்களைப் போன்ற சபைகளுக்கு வெளிப் பங்காளிகள் மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறார்கள்.

கேள்வி: பதுளை மாவட்டத்திலுள்ள என் உறவினர்கள், உலக வங்கித் திட்டத்தில் தங்கள் பிரதேச சபைகளுக்கு நிதி வந்ததாகச் சொல்கிறார்கள். நுவரெலியா மாவட்டத்தில் தோட்ட மக்கள் அவர்களைவிட அதிகம். நமக்கு ஏன் வரவில்லை?
– இளைஞர் ஒருவர், ஹட்டன்

பதில்: உங்கள் உறவினர்கள் குறிப்பிடுவது உள்ளூர் அபிவிருத்தி உதவித் திட்டமாக இருக்க வேண்டும். உலக வங்கியின் 7 கோடி அமெரிக்க டொலர் கடனோடும் ஐரோப்பிய ஒன்றியத்தின் இணை நிதியோடும் அது வடக்கு, கிழக்கு, வடமத்தி, ஊவா ஆகிய நான்கு மாகாணங்களின் உள்ளூராட்சி மன்றங்களுக்காக வகுக்கப்பட்டது. அதே நான்கு மாகாணங்களில் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு உள்ளூராட்சி ஆற்றல் விருத்திச் செயற்றிட்டத்தை நடத்தியது. பதுளை ஊவாவில் இருப்பதால் உள்ளே வந்தது; நுவரெலியாவும் கண்டியும் மாத்தளையும் மத்திய மாகாணத்தில் இருப்பதால் வெளியே நின்றன. தேயிலை மலைக்கு மாகாண எல்லை தெரியாது. திட்ட ஆவணத்துக்கு அது ஒன்றுதான் தெரியும்.

எல்லாத் திட்டமும் நம்மைத் தவிர்த்துப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு நடந்த ‘புறநெகும’ என்ற உள்ளூராட்சி மேம்பாட்டுத் திட்டம் வடக்கு, கிழக்கு தவிர்ந்த ஏழு மாகாணங்களுக்கும் உரியதாக இருந்தது. 2015 இல் உலக வங்கி 16.5 கோடி டொலர் ஒதுக்கிய நீர்வழங்கல், துப்புரவு மேம்பாட்டுத் திட்டத்தின் ஏழு மாவட்டங்களில் நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி, கேகாலை ஆகியன இருந்தன. தோட்டக் குடியிருப்புகளும் அதற்குள் எடுக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் மத்திய, ஊவா மாகாணங்களின் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றே ஒருங்கிணைந்த கிராமிய அபிவிருத்திக்கு நிதி வழங்கியிருக்கிறது.

ஒரு திட்டத்தின் எல்லை கொழும்பிலும் வெளிநாட்டுத் தலைமையகங்களிலும் கோடிடப்படும் வேளையில் மேசையில் யாருடைய எண்கள் இருக்கின்றனவோ அவர்களுடைய ஊர்தான் உள்ளே வரும். போரால் பாதிக்கப்பட்ட மாகாணங்களின் இழப்பு பற்றிய ஆவணங்கள் இருந்தன. அவை முன்னுரிமை பெற்றதில் எவரும் குறை காண முடியாது. தோட்டப் பகுதிகளைப் பொறுத்தவரை, ஒரு பிரதேச சபைப் பிரிவுக்குள் எத்தனை கிலோமீற்றர் தோட்ட வீதி உள்ளது, எத்தனை லயங்களுக்குப் பாதுகாப்பான நீர் இல்லை, எத்தனை குடும்பங்கள் சரிவு அபாயத்தில் உள்ளன என்பதைச் சபையே தன் பெயரில் வெளியிட்ட ஆவணமாக எத்தனை சபைகள் வைத்திருக்கின்றன? அடுத்த திட்டத்தின் எல்லை கோடிடப்படுவதற்கு முன்னர் அந்த ஆவணத்தைத் தயாரித்து வைப்பதுதான் மத்திய மாகாணச் சபைகள் இப்போதே தொடங்க வேண்டிய வேலை. மாகாண சபையின் பதவிக்காலம் 2018 இல் முடிந்து தேர்தல் நடைபெறாதிருக்கும் நிலையில், மாகாண மட்டத்தில் நமக்காகப் பேசத் தெரிவுசெய்யப்பட்டவர் இல்லை என்பதும் இந்தப் பொறுப்பைச் சபைகளின் தலையில் கூடுதலாக ஏற்றுகிறது.

கேள்வி: ஒரு நிறுவனம் பிரதேச சபையுடன் சேர்ந்து எங்கள் டிவிஷனுக்குக் குடிநீர்த் திட்டம் அமைத்துத் தந்தது. திறப்பு விழாவும் நடந்தது. இப்போது மேல் தாங்கியின் வால்வு பழுதடைந்து பாதி வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை. நிறுவனத்தின் திட்டம் முடிந்துவிட்டது. சபை எங்களுடையதல்ல என்கிறது. யாரிடம் போவது?
– நீர்ப்பாவனையாளர் சங்கச் செயலாளர், லிந்துலை

பதில்: முதலில் உடனடிக் காரியம். வால்வை மாற்றும் செலவு அதிகமில்லை. சங்கம் வீட்டுக்கு ஒரு சிறு தொகை திரட்டி அதை மாற்றிவிடுங்கள். உரிமை யாருடையது என்ற வாதம் முடியும்வரை பிள்ளைகள் தண்ணீருக்காகக் காத்திருக்கக் கூடாது.

அதன் பின்னர் ஆவணங்களைத் தேடுங்கள். திட்டத்தைக் கையளித்தபோது எழுதப்பட்ட கடிதம், நீர் எடுக்கும் இடத்திலிருந்து தாங்கி வரையும் தாங்கியிலிருந்து வீடுகள் வரையும் குழாய் உண்மையில் எந்த வழியாகப் போகிறது என்பதைக் காட்டும் வரைபடம், எந்தெந்த வால்வு எந்த வரிசை வீடுகளுக்குரியது என்ற குறிப்பு ஆகிய மூன்றும் உங்கள் சங்கத்தில் இருக்க வேண்டும். பல இடங்களில் இந்த விபரம் முழுவதும் குழாய் போட்ட ஒருவருடைய ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. அவர் வேலைக்காகக் கொழும்புக்குப் போய்விட்டால், தேயிலைக்குள் எங்கே தோண்டுவது என்று சொல்ல ஆளில்லை. நிறுவனத்திடம் வரைபடம் இருக்கும். திட்டம் முடிந்தாலும் அதைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு பிரதியைச் சபையிலும் ஒன்றைத் தோட்டக் காரியாலயத்திலும் கொடுத்து வையுங்கள்.

உங்கள் சங்கம் தேசிய சமுதாய நீர்வழங்கல் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பதியுங்கள். கிராமிய நீர்த் திட்டங்களை நடத்தும் சமுதாய அமைப்புகளுக்குத் தொழில்நுட்ப உதவி வழங்குவதற்காகவே அந்தத் திணைக்களம் இருக்கிறது. நீரின் தரத்தைப் பரிசோதிப்பது பற்றியும் அங்கே கேட்கலாம். மலையில் மேலே இருக்கும் ஊற்றென்றால் நீர் தூயது என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு; ஊற்றுக்கு மேலே தேயிலை இருந்தால் உரமும் களைநாசினியும் மழையோடு இறங்கும். ஊற்றைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்கு மருந்து அடிக்கக் கூடாது என்பதைத் தோட்ட நிர்வாகத்தோடு எழுத்தில் இணங்கிக்கொள்வது குழாயைவிட முக்கியமான வேலை.

சபையைப் பொறுத்தவரை, அது பங்காளியாகக் கையெழுத்திட்டிருந்தால் எங்களுடையதல்ல என்று கைகழுவ முடியாது. உங்கள் வட்டார உறுப்பினர் மூலம் அடுத்த ஆண்டுப் பாதீட்டில் இந்தத் திட்டத்தின் பராமரிப்புக்கென ஒரு செலவினம், சிறிய தொகையாக இருந்தாலும், சேர்க்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். தொகை அல்ல முக்கியம். பாதீட்டில் பெயர் ஏறிவிட்டால் அது சபையின் பொறுப்பாகிறது. அடுத்த தவிசாளர் வந்தாலும் அந்தச் செலவினம் இருக்கும். ஒரு கூட்டுச் செயற்றிட்டம் உண்மையில் வெற்றி பெற்றதா என்று அறிய நான் பார்ப்பது திறப்பு விழாப் படத்தை அல்ல, மூன்றாம் ஆண்டுப் பாதீட்டை.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவி நான். என் ஆய்வேடு எங்கள் பிரதேச சபைக்கு உண்மையில் உதவ வேண்டும் என்று விரும்புகிறேன். எந்தத் தலைப்பை எடுக்கலாம்?
– மாணவி ஒருவர், இராகலை

பதில்: உங்கள் கடிதம் மிகுந்த மகிழ்ச்சி தந்தது. தலைப்பை என்னிடம் கேட்பதற்கு முன் உங்கள் சபையின் செயலாளரிடம் கேட்டிருக்க வேண்டும் என்பதே என் முதல் ஆலோசனை. இவ்வாண்டு சபை எடுக்க வேண்டிய எந்தத் தீர்மானத்துக்கு விபரம் போதவில்லை என்று கேளுங்கள். அந்தப் பதிலில் உங்கள் தலைப்பு இருக்கும்.

இருந்தாலும் மலையகச் சபைகள் அனைத்துக்கும் பொதுவான சில வெற்றிடங்கள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது ஏக்கர் வரி. பயிரிடப்பட்ட பெரும் காணிகளுக்குப் பிரதேச சபை ஏக்கர் வரி விதிக்கலாம். அது நகர்ப்புற ஆதனவரியோடு ஒப்பிட்டால் மிக அற்பமானது. ஒரு சபை தன் பிரிவிலுள்ள தோட்டங்களிடமிருந்து ஓராண்டில் பெறும் ஏக்கர் வரி எவ்வளவு, அதே தோட்டங்களில் வாழும் மக்களுக்கு அதே ஆண்டில் செலவிட்ட தொகை எவ்வளவு என்பதை ஒரே ஒரு சபைக்கு, ஐந்து ஆண்டுகளுக்கு, கணக்கேடுகளிலிருந்து எடுத்து எழுதினாலே போதும். அது பெரிய கோட்பாட்டு ஆய்வு அல்ல. ஆனால் வரி விகிதத்தைத் திருத்தும்படி கேட்பதற்கு அதைவிட வலுவான ஆவணம் கிடைக்காது.

இரண்டாவது நிலச்சரிவு. 1990 இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு நிலச்சரிவு அபாய வலய வரைபட வேலை தொடங்கியபோது முதலில் எடுக்கப்பட்டவை பதுளை, நுவரெலியா மாவட்டங்களே. 1:10,000 அளவிலான வரைபடங்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் உள்ளன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கிய பின்னர் இவை எவ்வளவு அவசியம் என்று விளக்க வேண்டியதில்லை. உங்கள் சபைப் பிரிவின் வரைபடத்தை எடுத்து, அதன்மேல் ஒவ்வொரு லயத்தையும் அதில் வாழும் குடும்பங்களின் எண்ணிக்கையோடு குறித்து, மழை பலமானால் எந்தப் பாதையால் எந்தக் கட்டடத்துக்குப் போவது என்பதைத் தோட்டத்து மக்களோடு நடந்து பார்த்து எழுதுங்கள். வரைபடத்தைப் படிப்பது எப்படி என்று மேற்பார்வையாளர் சொல்லித் தருவார். இரவில் எந்தப் படிக்கட்டு வழுக்கும், எந்தக் கான் முதலில் நிரம்பும் என்பதை அங்கே வாழும் அம்மாமாரிடம்தான் கேட்க வேண்டும். இந்த இரண்டு அறிவும் சேரும்போதுதான் சபைக்குப் பயன்படும் ஆய்வு கிடைக்கும்.

குப்பை பற்றியும் நிறைய எழுதலாம். ஜப்பானிய ஜைக்கா நிறுவனத்தின் உதவியோடு நுவரெலியா மூன் பிளேன்ஸில் அமைந்த நிலநிரப்பு இடமும், 2008 இல் மத்திய சுற்றாடல் அதிகாரசபை தொடங்கிய ‘பிலிசரு’ திட்டத்தின் கீழ் உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கிடைத்த கூட்டெரு நிலையங்களும் பின்னாளில் எப்படி நடத்தப்பட்டன என்று ஒப்பிடுவது நல்ல தலைப்பு.

பேராதனைப் பல்கலைக்கழகமும் பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் மலையகத்துக்குள்ளேயே இருக்கின்றன. கண்டியில் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையமும் சமூக அபிவிருத்தி நிறுவகமும் உள்ளன. அவற்றில் முன்னோர் செய்தவற்றைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஆய்வேட்டை எந்த மொழியில் எழுதினாலும் நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றைத் தயாரித்துச் சபைக் கூட்டத்தில் சமர்ப்பியுங்கள். சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. பட்டம் பெற்ற பின்னும் அந்த வழியில் நீங்கள் தொடர்ந்து உதவலாம்.

கேள்வி: பெண் உறுப்பினர்களுக்கான பயிற்சி என்று அழைக்கிறார்கள். போனால் விரிவுரை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ நடக்கிறது. மொழிபெயர்ப்பாளர் பாதியை விட்டுவிடுகிறார். இப்படிப்பட்ட பயிற்சிக்குப் போகத்தான் வேண்டுமா?
– பிரதேச சபை உறுப்பினர் ஒருவர், கொட்டகலை

பதில்: போக வேண்டும், ஆனால் இப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களின் பங்கு 2 வீதத்துக்கும் குறைவாக இருந்த நாட்டில் 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அந்த இடத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு, பாதீட்டை வாசிக்கவும் தீர்மானம் வரையவும் பெறுகை விதிகளை அறியவும் தேவையான பயிற்சியை உங்கள் மொழியில் தருவது ஏற்பாட்டாளரின் கடமை. நுவரெலியா மாவட்டப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகத்துக்குரியவை என்பதையும் நினைவூட்டுங்கள். உள்ளூராட்சிப் பயிற்சிக்கென்றே 1999 இல் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கை உள்ளூராட்சி நிறுவகம் இருக்கிறது. உங்கள் மாவட்டத் தமிழ் உறுப்பினர்கள், கட்சி வேறுபாடு பாராமல், ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு அங்கும் உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும் அனுப்புங்கள்: பயிற்சி தமிழில், ஹட்டனிலோ நுவரெலியாவிலோ, மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய நேரத்தில். கைக்குழந்தை உள்ள உறுப்பினர் இரவு தங்கும் பயிற்சிக்கு வர முடியாதபோது, அவருக்கு ஆர்வமில்லை என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். அந்த அறிக்கையும் ஓர் ஆய்வாகப் பின்னர் மேற்கோள் காட்டப்படும்.

கேள்வி: எங்கள் சபையில் வெளிநாட்டு நிதியோடு நடக்கும் திட்டங்களின் செலவு விபரத்தை யாரிடம் கேட்பது?
– ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர், வட்டவளை

பதில்: 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அதிகாரியிடம் கேளுங்கள். வேண்டுகோள் கிடைத்ததிலிருந்து 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா மறுப்பதா என்ற தீர்மானத்தை அவர் அறிவிக்க வேண்டும். மறுத்தால் பெயர்குறிக்கப்பட்ட அதிகாரியிடமும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். வெளிநாட்டு நிதியில் 1 இலட்சம் டொலருக்கும், உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கும் மேற்பட்ட திட்டங்களின் விபரம் தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே மக்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்று அச்சட்டத்தின் 9 ஆம் பிரிவு பொறுப்பான அமைச்சருக்குக் கடமை விதிக்கிறது. அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசு அல்லது சர்வதேச அமைப்பிடமிருந்தோ கணிசமான நிதி பெற்றுப் பொதுச்சேவை செய்யும் அரசசார்பற்ற நிறுவனமும், அந்தச் சேவை தொடர்பான தகவலைத் தரக் கடமைப்பட்டதாகும் என்பது பலருக்குத் தெரியாது.

கேள்வியில் காரணம் கேட்காதீர்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உடன்படிக்கையின் பிரதி, அது சமர்ப்பிக்கப்பட்ட கூட்டத்தின் கூட்டறிக்கை, ஒப்பந்தகாரருக்கு வழங்கிய கொடுப்பனவுச் சீட்டுகள், கையளிப்புக் கடிதம் என்று தனித்தனியே குறிப்பிடுங்கள். 2023 மார்ச் முதல் 2025 ஜூன் தொடக்கம் வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமலே சபைகள் நடந்தன. அந்தக் காலத்தில் கையெழுத்தான உடன்படிக்கைகளைப் புதிய உறுப்பினர்களே பார்த்திராமல் இருக்கலாம். ஆகவே கிடைக்கும் பதிலின் ஒரு பிரதியை உங்கள் வட்டார உறுப்பினருக்கும் கொடுங்கள். வேண்டுகோளைத் தமிழிலேயே எழுதலாம். தகவல் அதிகாரி அதை ஏற்றுத் திகதியிட்ட பற்றுச்சீட்டுத் தர வேண்டும்.